சத்தம் போடாத வலது கால்

அன்பு மகளுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நீ நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று சொன்னால் உன் தம்பி தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான், அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல அவன்தான் கம்ப்யூட்டரில் அடிக்கிறான், என் கட்டைவிரல் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. (அக்கா, வீக்கத்துக்குக் காரணம் அப்பாவின் பாதம். இந்த வீட்டில் ஒரு கேடு என்னால் வராதது இதுதான் முதல் தடவை.)

எல்லாம் அப்பாவின் முதுகுவலிதான். பள்ளிப் பேருந்தின் அந்தக் குழி விழுந்த இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால், வண்டி ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவார் என்று கட்டிலைவிட்டு அசையவில்லை. அப்போதுதான் தையல் கடையில் என் பக்கத்து மெஷின்காரி ரிஃப்ளெக்ஸாலஜி படம் ஒன்று கொடுத்தாள், பாதத்தின் உள் ஓரம்தான் முதுகெலும்பாம், குதிகால் பக்கம் இடுப்பாம், அங்கே அழுத்தினால் இங்கே வலி இறங்குமாம். (அப்படியானால் இத்தனை வருடம் என் முதுகில் விழுந்ததெல்லாம் நிஜமாகவே உள்ளங்கால் 'அடி'.) பள்ளி விடுமுறை முழுக்க அழுத்தினேன். இடது காலைத் தொட்டால் தெருவே கேட்கும்படி கத்துவார், வலது காலில் எவ்வளவு அழுத்தினாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வலது பக்கம் குணமாகிவிட்டது என்று கடையில் பெருமையடித்து, இன்னும் ரெண்டு பேருக்கு அமுக்கியும் விட்டேன்.

போன வாரம் இந்த வாலு, அவர் பேப்பரில் மூழ்கியிருந்தபோது வலது உள்ளங்காலில் ஐஸ்கட்டியை வைத்துவிட்டு ஓடத் தயாராக நின்றிருக்கிறான். அவர் பாட்டுக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினாராம். படுக்கை நனைந்த பிறகுதான் தண்ணீர் கொட்டியது யார் என்று கேட்டாராம். இவன் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை, இவன் பேச்சை யார் நம்புவார்கள். பிறகு நானே ஊசி முனையால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். அவருக்குத் தெரியவே இல்லை. அது பிரேக் மிதிக்கிற கால் அல்லவா. விடாமல் கேட்டதற்கு, "மரத்துத்தான் கெடக்கு, அதுக்கென்ன இப்போ. கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துட்டுத்தானே மிதிக்கிறேன்" என்கிறார். விடுமுறைக்கு முன்னால் எத்தனை நாள் அப்படிக் குனிந்து பார்த்து ஓட்டினாரோ, வண்டி நிறையப் பிள்ளைகள்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டார். என் பேச்சு அவருக்குப் பக்கத்து வீட்டு ரேடியோ, நீ சொன்னால் கேட்பார். அழாதே, அழுதால் உன்னைத் தேற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அதட்டு. முதலில் டாக்டர், பிறகுதான் ஸ்டியரிங் என்று சொல். நீயும் நாளெல்லாம் நாற்காலியிலேயே இருக்காதே, நடுவில் எழுந்து நட. கைகால் சுகத்தோடு நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் செய், மறந்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

(அக்கா, இது அம்மாவுக்குத் தெரியாது. நேற்று கடைக்குப் போகும்போது அப்பாவின் வலது கால் செருப்பு நடுத்தெருவில் கழன்றுவிட்டது. அவர் வெறுங்காலோடு பேசிக்கொண்டே போனார். எடுத்து ஒளித்து வைக்க எவ்வளவு நல்ல சந்தர்ப்பம். நான் ஓடிப்போய் மாட்டிவிட்டேன். இன்றைக்கே கூப்பிடு.)