சின்ன இலை

இன்று காலை சன்னலைத் திறந்ததும் கம்போங் செட்டிக் குடியிருப்புப் பக்கமிருந்து சாம்பிராணிப் புகையோடு செம்படாக் பழத்தின் வாடையும் வந்தது. பார்ச்சு. மலாய் பேசும் செட்டிக் குடும்பங்கள் இறந்த தம் மனிதர்களுக்கு இலை போட்டுப் பழம் படைக்கும் நாள். நீங்கள் போன பிறகு வரும் முதல் பார்ச்சு. நேற்று பீபியின் மகள் தேவி வந்து, "அக்கா, எங்க வீட்ல டாக்டருக்கும் ஒரு இலை போடட்டுமா?" என்று கேட்டுப் போனாள். நம் வீட்டில் அந்த வழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. மடித்த துணிகளையே பிரித்து மறுபடி மடிக்கிறேன்.

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு மறு ஆண்டு. சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் பயிற்சி டாக்டர். பெற்றோரின் இரத்தத்திலிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் நோய்களைப் படிக்கிறார் என்று நான் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். சிராங்கூன் சாலையில், மளிகைக் கடைக்கு மேலே நம் அறை. கீழே பஸ் போகும்போதெல்லாம் அதிரும் மேசையில் நீங்கள் குடும்பப் படங்கள் வரைவீர்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் ஒரு சாய்ந்த கோடு. உங்கள் கோடுகள் கோணலாக இருக்குமென்று எல்லாவற்றுக்கும் நான்தான் மை போடுவேன். "கான்வென்ட் படிப்பு வீண் போகவில்லை," என்பீர்கள்.

அந்த ஆண்டுதான் நம் முதல் பெண் பிறந்து, ஒரு பகல் இருந்துவிட்டுப் போனாள். ஏன் என்று உங்களுக்கும் தெரியவில்லை. அவளைப் பற்றி நாம் பேசவேயில்லை. பெரிய நகரத்தில் அது சுலபம். கீழ்க்கடைக்காரருக்கு நம் பெயர்கூடத் தெரியாது.

பிறகு உங்கள் வார்டுக்கு, வெளுத்து வயிறு வீங்கிய சிறுவன் ஒருவன் வந்தான். நம் ஊர்க் காஜா பெராங்கில் என் பிறந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருச் செட்டி வீட்டுப் பீபியின் கடைசி மகன். அவன் அக்கா தேவிக்கு மாமன் மகனோடு நிச்சயமாகியிருந்தது. இருவர் இரத்தத்திலும் அதே குறை இருந்தால், பிறக்கும் பிள்ளைகளுக்கும் இதே வயிறு வரலாம் என்று நீங்கள் அஞ்சினீர்கள். பீபியோ மகள் விரலில் ஊசி படவே விடவில்லை. கேட்டுப் பார்க்கலாமென்று ஊருக்கு வந்தோம். வந்த நாள் பார்ச்சு.

அவர்கள் பேச்சு மலாய்; தமிழில் எழுதுகிறேன். "சிங்கப்பூர்ல சோறு விக்கிறதில்லையா, எலும்பா வந்து நிக்கிற?" என்றுதான் பீபி என்னை வரவேற்றாள். குடும்பத்தில் குழந்தைகள் ஏதாவது இறந்ததுண்டா என்று நீங்கள் கேட்டீர்கள்.

"தா அடா," என்றாள். இல்லை. "இவனுக்கு யாரோ கண்ணு வெச்சிட்டாங்க. அது சரி, டாக்டருக்கு எத்தனை பிள்ளை?"

"தா அடா," என்றீர்கள் நீங்களும்.

கன்னியாஸ்திரிகள் பழக்கியபடி முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தேன். படைத்திருந்த பெரிய இலைகளின் ஓரத்தில், உள்ளங்கை அகல இலைத்துண்டுகள் சில தெரிந்தன. ஒவ்வொன்றிலும் மசித்த வாழைப்பழம், மேலே ஒரு கரண்டி பால். பல் முளைக்காதவர்களின் சாப்பாடு. நீங்களும் பார்த்துவிட்டீர்கள், கை பென்சிலுக்குப் போனது. உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பீபி, எங்களுக்கும் ஒன்று இருந்தது," என்றேன். "பெண்."

பீபி என்னையே பார்த்தாள். "பேரு வெச்சீங்களா?"

"இல்லை."

இலையில் ஒரு மூலையைக் கிழித்து வைத்தாள். பழத்தை மசித்தாள், பால் விட்டாள். "பேரில்லாட்டியும் பசிக்கும்," என்றாள். பிறகு மற்ற துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தன் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னாள். சொல்லி முடித்து, உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்: "தேவி, வந்து விரலை நீட்டு."

திரும்பும் பஸ் ஜொகூரைத் தொட்டபோது, "சொல்வதற்கு முன் என்னைக் கேட்டிருக்கலாம்," என்றீர்கள்.

"கேட்டிருந்தால் தா அடா என்றிருப்பீர்கள்."

மறுநாள் மேசையில் ஒரு படம் கிடந்தது. ஒரு கட்டம், ஒரு வட்டம், கீழே சின்ன வட்டத்தின் மேல் கோணலாக ஒரு கோடு. அதை மட்டும் நீங்கள் என்னிடம் மை போடக் கொடுக்கவில்லை.

மாமன் மகனும் கடைசியில் விரலை நீட்டினான். இருவர் இரத்தத்திலும் குறை இருந்தது, நிச்சயம் முறிந்தது. தம்பியும் பெரியவனாகவில்லை. தேவி பின்னால் தெங்கேராக்காரர் ஒருவரை மணந்தாள், பிள்ளைகள் நலம். ஆனாலும் மாமன் மகன் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். நிச்சயம் முறிந்ததிலிருந்து பீபி என்னோடு பேசவில்லை. ஆனால் ஒரு பார்ச்சுக்கும் நம் இலையை நிறுத்தவில்லை. அவளுக்குப் பிறகு தேவி போடுகிறாள்.

சாயங்காலமாகப் போகிறது. உங்களுக்கும் போடச் சொல்லப்போகிறேன், சின்ன இலைக்குப் பக்கத்திலேயே. செம்படாக் வேண்டாம், உங்கள் வயிற்றுக்கு ஆகாது. டுக்குப் பழம் போதும், கொட்டை எடுத்து.

எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும், பின்னால் பிறந்து இப்போது செங் ஊரில் இருக்கும் மகனை மட்டும் எண்ணி ஒன்று என்றே இத்தனை காலம் சொன்னேன். உங்கள் முகம் சுருங்குவதைப் பார்க்க முடியாமல்தான். இன்று தேவி வீட்டுக்கு உறவினர்கள் வருவார்கள், நிச்சயம் கேட்பார்கள்.

இரண்டு என்று சொல்லப்போகிறேன்.