வாசிக்காத பலகை

வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மோர்வெனுக்கு,

அம்மா நலம். நாயும் நலம். நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இந்த மாதத்துக்கு நான் எழுதிய பொய் போதும். நீ போனை எடுக்காததில் எனக்குக் கோபமில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் பாதியாவது படித்துவிட்டுக் கிழி.

முதலில் வீட்டுச் செய்தி. கூரை ஒழுகிய இடத்தை நானே ஏறி அடைத்தேன். இப்போது அடுத்த அறையில் ஒழுகுகிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை நாயிடம் சொல்கிறாள். "அந்த மனுஷனுக்கு டீ வேணுமான்னு கேளு" என்கிறாள். நாய் என்னைப் பார்க்கிறது. அதன் பார்வையிலும் மரியாதை குறைந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கோல்ஃப் மைதானத்தைப் பற்றி 'பழைய இரும்பு' என்ற புனைபெயரில் நான் பேப்பரில் எழுதியதை நீ படித்திருப்பாய். "ஸ்கெரிமோரில் கடல் அழகு, மணல்மேடு அழகு. ஆனால் குழியைச் சுற்றி கிரீன் என்ற பெயரில் இருப்பது மாடு பாதி மேய்ந்துவிட்டுப் போன புல்வெளி. பராமரிக்கிறவர் தூக்கத்தில் இருக்கிறார் போலும்." இதுதான் அந்த வரி. பராமரிக்கிறவர் என் மகள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

நீ புல்வெட்டும் இயந்திரத்துக்குச் சாமான் வாங்க இன்வர்னெஸ் போகிற நாளாகப் பார்த்துத்தான் என் ஆட்டக் கூட்டாளி டூகலைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ இருந்தால் டீ கொடுப்பாய், சிரிப்பாய், நான் இளகிவிடுவேன் என்று பயம். மகளுக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பதே அன்று என் நினைப்பாக இருந்தது. வந்து இறங்கும்போதே கடலிலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. ஆட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நின்றது. நான் அதில் என் பையைச் சாய்த்து வைத்து ஷூ கயிறு கட்டினேன். வாசிக்கவில்லை.

மூன்றாவது குழியில் டூகல் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தான். "டேய், இது நிஜ கிரீன் இல்லடா. சும்மா கொஞ்ச நாளைக்கு ஓரமா வெட்டி, குழி போட்டுக் கொடி நட்டு வெச்சிருக்காங்க. அங்க பாரு, கயிறு கட்டின மாதிரி ஏதோ தெரியுது" என்றான். "போடா, இந்தப் பனியில உனக்குக் கயிறும் தெரியும், கப்பலும் தெரியும்" என்றேன். அவன் சொன்னது சரியாக இருக்கலாம் என்று எனக்கும் பட்டது. நாலு எட்டு நடந்து போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மாடு வரி அதற்குள் மனதில் வந்துவிட்டது. நல்ல வரியாக வேறு இருந்தது. அதைக் கைவிட எனக்கு மனசில்லை.

பேப்பர் வந்த அன்று நம் ஊர் பப்பில், அந்தப் புனைபெயர் யாருடையது என்று தெரிந்த ஒருத்தன் என் முதுகில் தட்டி, "சொந்தப் பொண்ணுன்னுகூடப் பார்க்கல பாரு, இவன்யா மனுஷன்!" என்றான். அது எனக்கு இனித்தது, மோர்வென். அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

அடுத்த வாரம் பேப்பர் ஆபீசில் இருந்தபோது உங்கள் கிளப் தலைவி ரோனா போன் செய்தார். ஆசிரியர் சிரித்துக்கொண்டே போனை என் கையில் கொடுத்தார். "பழைய இரும்பா? பேரு பொருத்தம்தான், துருப் பிடிச்சுப் போயிருக்கீங்க" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. "குளிர்காலத்துல கடல் உள்ள வந்து எங்க கிரீன்லாம் உப்பாயிடுச்சு. அதைக் கயிறு கட்டி ஓய்வுல விட்டிருக்கோம். நீங்க ஆடினது ஓரமா தற்காலிகமா வெட்டி விட்ட புல்லுல. பலகையில அம்மாம் பெருசா எழுதி வெச்சிருக்கே, கண்ணு எங்க போச்சு? அடுத்த வியாழக்கிழமை கமிட்டி கூடுது. அந்தப் பொண்ணை வேலையில நிரந்தரமாக்குறதா, அனுப்பிடுறதான்னு அன்னிக்குத்தான் முடிவு. ரெண்டு பேரு நீங்க எழுதினதை வெட்டி வெச்சுக்கிட்டுத் திரியுறாங்க." கடைசியாக, "யார் பெத்த பொண்ணோ, ஒரு வார்த்தை பதில் பேசாம தண்ணிக் குழாயைத் தூக்கிக்கிட்டு உப்பைக் கழுவிக்கிட்டு நிக்குது" என்றார்.

நான் பெத்த பொண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பார்க்கிறேங்க" என்றுதான் வந்தது.

அந்த இரும்பு யாரென்று நீ அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லியிருந்தால் உன் பாரம் குறைந்திருக்கும். என் தலையல்லவா குனிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு மட்டும் நேராக என்னிடமே பேசினாள். "வாழ்க்கை பூரா பஸ் ஓட்டின மனுஷன்தானே நீங்க? ஸ்டாப் போர்டைப் பார்த்து நிறுத்துனீங்களா, இல்ல மோப்பம் பிடிச்சா?" அதற்குப் பிறகுதான் நாய்க்கு அந்தப் புது வேலை.

நேற்று உனக்குத் தெரியாமல் ஸ்கெரிமோர் வந்தேன். பளிச்சென்று வெயில். பலகையை வாசித்தேன், எழுத்து எழுத்தாக. உன் கையெழுத்து. மணல்மேட்டில் ஏறிப் பார்த்தேன். கயிற்றுக்கு உள்ளே நீ மண்டியிட்டு, புல்லை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். இறங்கி வந்திருக்க வேண்டும். முட்புதருக்குப் பின்னால் ஒளிந்து நின்றுவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். பேன்ட்டும் கிழிந்தது.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு போட்டியில், உயரமான புல்லுக்குள் உன் மட்டை பட்டுப் பந்து அசைந்துவிட்டது. ஒருத்தரும் பார்க்கவில்லை. நீயே கையைத் தூக்கி, "எனக்கு ஒரு அடி கூட்டிக்கோங்க" என்றாய். அந்த ஒரு அடி கூடியதால் கோப்பை போயிற்று. நான்தான் உனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்று ஊர் முழுக்கப் பெருமையடித்தவன் நான்.

அதனால் நேற்று திரும்பியதும் நானும் கையைத் தூக்கிவிட்டேன். ஆசிரியர், "கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி திருத்தம் போட்டாப் போதும், விடுங்க" என்றார். நான் விடவில்லை. அதே இடத்தில், அதே அளவில், என் சொந்தப் பெயரில் திருத்தம் புதன்கிழமை வருகிறது. கமிட்டிக்கும் ஒரு பிரதி தபாலில் போய்விட்டது. அதில் உன்னைப் புகழ்ந்து ஒரு சொல் இல்லை. அப்பன் புகழ்ந்தால் யார் மதிப்பார்கள்? பலகையை வாசிக்கவில்லை, கூட வந்தவன் சொல்லியும் கேட்கவில்லை, சந்தேகம் இருந்தும் எழுதினேன், அவள் என் மகள் என்பதை மறைத்தேன். இவ்வளவுதான். அடிக் கணக்கு தப்பான அட்டையில் கையெழுத்துப் போட்டவனைப் போட்டியிலிருந்தே விலக்குவது நம் வழக்கம். 'பழைய இரும்பு' இனி எழுதமாட்டான். உன்னைக் கேட்காமல் உன் அப்பா என்று சொல்லிவிட்டதற்கு இன்னொரு அடி என் கணக்கில் சேர்த்துக்கொள்.

வியாழக்கிழமை அவர்கள் என்ன சொன்னாலும் நிமிர்ந்து நில். குனிய வேண்டியவன் இங்கே குனிந்திருக்கிறேன். தண்ணீரில் நிற்கும்போது கனமான காலுறை போட்டுக்கொள். அம்மா ஒரு ஜோடி பின்னி அனுப்பியிருக்கிறாள்.

அந்தக் கிரீன்களில் நீ முதல் பந்தை உருட்டும் நாளில், மட்டை இல்லாமல், பேனா இல்லாமல், உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க ஒரு கிழவன் தேவைப்பட்டால் சொல். போனில் பேச வேண்டாம். கயிற்றை அவிழ்க்கிற தேதியை அந்தப் பலகையில் எழுதி வை. சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து வாசிப்பேன்.

உன் அப்பா,
ஆர்ச்சி