வாய்க்கால் ஓரத்துக் காடு

புரட்டாசி, வெள்ளி இரவு.

குடும்ப நிலத்தைப் பங்கு பிரித்தபோது வாய்க்கால் ஓரத்துக் காட்டை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மழையை நம்பிய மேட்டாங்காட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டவர் அண்ணன். ஊரே மெச்சியது. நான் அழுதே விட்டேன்.

இன்று காட்டுக்கு வந்தார். தண்ணீர் பாயப் பாய மண் வெள்ளையாகப் பூத்து, தென்னங்கன்றுகள் கருகி நிற்பதைக் காட்டினேன். அவர் திடுக்கிடவே இல்லை.

"அது உப்பு மண்ணு அம்மணி. தண்ணி உட்டா உப்பு மேல வந்துரும். அதனாலதான் நான் அதுக்குத் தண்ணியே கட்டுனதில்ல."

"ஏனுங்ண்ணா, தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தீங்களா?"

"நீ கேக்கவே இல்லையே கண்ணு" என்றார்.

கேட்கவில்லைதான். ஆனால் நடவன்று, கைராசிக்காரர் என்று முதல் கன்றை அவர் கையாலேயே வைக்கச் சொன்னேனே. வைத்தார். குடம் நிறையத் தண்ணீரும் ஊற்றினார்.