மூன்று கப் மோக்கா

அன்கோனா,
மார்ச் 9

அன்பு மகள் கிளெலியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அந்தப் பெர்கன் குளிரில் நீ சளி இருமல் எதுவும் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தொடங்குகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் பேசினால் பாதியில் என் குரல் உயர்ந்துவிடும், அல்லது போனை அம்மாவிடம் நீட்டிவிடுவேன், அது உனக்கே தெரியும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவின் போனுக்கு நீ அனுப்பியதை அவள் படித்துக் காட்டினாள். காபி போட ஒரு மோக்கா பாத்திரம் வாங்கணும், ரெண்டு கப் அளவு போதுமா மூணு கப்பா, அப்பாகிட்ட கேட்டுச் சொல்லும்மா என்று எழுதியிருந்தாய். அப்பாகிட்ட கேட்டு என்ற சொல்லை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். காபி போடுற பாத்திரத்துக்கா இவ்வளவு, பொண்ணு பாக்கப் போற மாதிரியில்ல கிளம்புறீங்க என்று அம்மா சிரித்தாள். நானும் வரேன் என்று கூடவே கிளம்பிவிட்டாள். குவால்தியேரோவின் ஹார்டுவேர் கடைக்குத்தான் போனோம், நீ சின்ன வயதில் ஆணிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அதே கடை. அவன் அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கி மேஜைமேல் வரிசையாக வைத்தான். அலுமினியம்தான்ப்பா மோக்கா, எஃகுல போட்டா அது ஆஸ்பத்திரி காபி என்றான். எனக்கும் மனதுக்குள் அதே எண்ணம்தான், எட்டுப் பட்டையோடு பளபளத்த ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அம்மா, அலுமினியம் வேண்டாங்க, அவங்க வீட்ல இருக்கறது இண்டக்‌ஷன் அடுப்பு, அதுல சூடே ஏறாது என்றாள். சரி என்று கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன், எடுத்த பிறகுதான் உறைத்தது. அவங்க வீடா, அவங்கன்னா யாரு என்று கேட்டேன். உன் அம்மா பக்கத்துப் பெட்டியிலிருந்த திருகாணிகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள். குவால்தியேரோதான் வாயைத் திறந்தான், ஏம்பா நஸ்ஸரேனோ, ஒத்தையா இருக்கற பொண்ணு ஒரு கப்புதானே கேக்கும், ரெண்டா மூணான்னா கேக்கும், நாப்பது வருஷமா இந்த மேஜைக்குப் பின்னால நிக்கறேன், எத்தன கப்புன்னு சொன்னாப் போதும் அந்த வீட்டு சங்கதிய நான் சொல்லிடுவேன் என்றான். எங்களுக்குப் பின்னால் பெயிண்ட் டப்பாவோடு நின்ற அம்மாள், யாரென்றே தெரியாது, நல்லா இருக்கட்டும், வாழ்த்துக்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அப்புறம் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். உன்னோடு இருப்பவர் பெயர் எய்ரிக் என்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறார் என்று, எட்டு மாதமாகத் தனக்குத் தெரியும் என்று. மறைக்காமல் எழுதுகிறேன், எனக்குச் சுருக்கென்று தைத்தது. கடைக்கு வெளியே போய்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டேன், ஒரு பேருந்து வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போயிற்று. கோபம் உன்மேல் என்றுதான் முதலில் நினைத்தேன். நிற்க நிற்க அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நீ ருஜ்ஜெரோவைச் சாப்பிட அழைத்து வந்தாயே, அன்று நான் அந்தப் பிள்ளையிடம் சம்பளம் என்ன, அப்பா என்ன வேலை பார்த்தார், என் மகளை எங்கே குடிவைப்பாய் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன், அடுப்பில் வைத்த மோக்கா பொங்கி வழிந்து கருகி வீடெல்லாம் நாறும்வரை கேட்டேன். அவன் பழம்கூடத் தொடாமல் எழுந்து போனான். நீ எழுந்து அடுப்பைத் துடைத்தாய். அதன்பிறகு பெர்கனில் வேலை கிடைத்தது என்றாய், மூன்று வருடமாக நானும் கேட்பவர்களிடமெல்லாம் மகள் வேலைக்காகத்தான் அவ்வளவு தூரம் போனாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று நான் செய்தது தப்பு, மகளே. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். அவ உங்ககிட்ட சொல்லலைன்னு நினைக்கறீங்க, சொல்லவே கூடாதுன்னா மோக்காவ எதுக்கு உங்ககிட்ட கேக்கறா, முப்பத்தி நாலு வயசுப் பொண்ணுக்கு அங்க கடையில ஒரு பாத்திரம் பாத்து வாங்கத் தெரியாதா என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை, பார். பேருந்து நிறுத்தம் என்றும் பாராமல் உன் அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தேன், இந்த வயசுல ஆரம்பிச்சிட்டாரு என்று அவள் என்னைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

உள்ளே அடுத்த சண்டை. அந்த ஊர்க்காரங்க காபிய குவளை குவளையா குடிப்பாங்களாமே, அப்படின்னா ஆறு கப்பா எடுத்துட்டுப் போ என்றான் குவால்தியேரோ. ரெண்டு பேர்தானே, ரெண்டு கப் போதும் என்றாள் அம்மா. நான் கல்லாப்பெட்டிமேல் கிடந்த காந்தத்தை எடுத்து ஒவ்வொரு எஃகு மோக்காவின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். எஃகு என்றால் எல்லாம் ஒட்டும் என்று நினைக்காதே, இரண்டு ஒட்டவே இல்லை, ஒட்டாதது உன் அடுப்புக்கு ஆகாது. இரண்டு கப் பாத்திரம் ஒட்டியது, ஆனால் அதன் அடி மிகச் சிறியது, பாத்திரம் இருப்பதே சில அடுப்புகளுக்குத் தெரியாதாம். ஆறு கப்பில் பாதிக்குப் போட்டால் சரியாக வராது, மோக்காவை எப்போதும் முழு அளவுக்குத்தான் போட வேண்டும். ஆகவே மூன்று கப் என்று தீர்ப்புச் சொன்னேன். நாலாவது மாடி பல்மீராவிடம் உன்னுடையது போலவே அடுப்பு இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ச் சோதித்தேன், முதல் மூன்று தடவை போட்டதைக் கொட்டிவிட்டேன், புதுப் பாத்திரத்துக்கு அது வழக்கம். நாலாவதை நான், அம்மா, பல்மீரா மூன்று பேரும் குடித்தோம், எஃகைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பல்மீராவுக்குத் தெரிந்துவிட்டது என்றால் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நான் மாடிப்படி இறங்கி வருவதற்குள் மூன்று வாசலில் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள், எய்ரிக் பெயர் அதற்குள் எரிக்கோ ஆகிவிட்டது.

அடிப்பாத்திரத்தில் ஊற்றும் தண்ணீர், பக்கவாட்டில் இருக்கும் வால்வுக்கு மேலே போகக் கூடாது. பொடியை நிரப்பு, ஆனால் அமுக்காதே. சூட்டைக் குறைத்து வை, களகளவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிடு. சோப்புப் போட்டுத் தேய்க்காதே. ரப்பர் வளையம் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.

இனிக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிறேன். நீங்கள் இருவர், பாத்திரம் மூன்று கப். தபாலில் அனுப்பட்டுமா, நானே கையில் கொண்டுவரட்டுமா. நான் விமானத்தில் ஏறியதே இல்லை, உன் அம்மா ஜன்னல் ஓரம் தனக்குத்தான் என்று இப்போதே சொல்லிவிட்டாள். அனுப்பு என்றாலும் எனக்கு வருத்தமில்லை, நாளைக்கே கட்டி அனுப்புகிறேன். வா என்றால் எய்ரிக்கிடம் எதையும் துருவ மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அவள் நம்பவில்லை, பாவம் போனால் போகிறது என்று ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறாள்.

கடவுள் உங்கள் இருவரையும் நோய் நொடியில்லாமல் சிரித்த முகத்தோடு வைக்கட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. எனக்குக் கிடைத்த அந்த ஒரு கேள்வியை இப்போதே கேட்டு முடித்துவிடுகிறேன், மறக்காமல் பதில் எழுது: எய்ரிக் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வாரா?

என்றும் உன்
அப்பா நஸ்ஸரேனோ