இடது காலால் மிதிக்கிற அம்மா

அம்மா, உடம்பு எப்படி இருக்கு? நான் நல்லா சாப்பிடுறேன்.

உங்க கால் மரத்துப்போகுதுன்னு சொன்னதுலேர்ந்து, நான் புத்தகம் அடுக்குற லைப்ரரியோட ஆப்ல, நரம்பு டாக்டருங்க எழுதுற நாலு இதழை ஃபாலோ பண்றேன். புதுசு வந்தா முதல் நாள் முதல் ஷோதான்.

நேத்து வந்ததுல நம்ம ஊர் பெரியாஸ்பத்திரி டாக்டரோட கட்டுரை. வலது கால் மரத்துப்போனதால இடது காலால தையல் மெஷின் மிதிக்கிற நாற்பத்தாறு வயசு அம்மாவைப் பத்தி. சீக்கிரம் ஆபரேஷன் செஞ்சா சரியாயிடும்னு சொன்னாராம். அந்தம்மா திரும்ப வரவே இல்லையாம்.

என்கிட்ட "வெறும் சத்துக் குறைவுடா"ன்னுதானே சொன்னீங்க?

திட்டல. நாளைக்கே போங்கம்மா, கால்ல விழுறேன். உங்க மெஷின் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, இங்க என் ரூம் ரொம்ப அமைதியா இருக்கு. ஷிஃப்டுக்கு மணியாச்சு. அடுத்த கட்டுரையில அந்தம்மா வந்துட்டாங்கன்னு நான் படிக்கணும்.