அருள்மலருக்கு விசா இல்லை

பிராண்டே,
டென்மார்க்.
3.11.1985

அன்பின் இன்பம்,

உன் கடிதம் இருபது நாளில் வந்து சேர்ந்தது. நீயும் பிள்ளைகளும் ஷெல்லடிக்குத் தப்பி இருக்கிறீர்கள் என்று வாசித்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எனக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை, அலுப்புத்தான். துணி ஆலைக்குச் சைக்கிளில் போகும்போதும் இருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு. அடுப்பு மூட்டப் பஞ்சிப்பட்டு, கடையில் வாங்கின பாண் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. உங்களைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்துக்குச் சம்மதம் வந்துவிட்டது. உனக்கும் றொபேர்ட்டுக்கும் கமலாவுக்கும் விசா. அருள்மலருக்கு இல்லை. நடக்கவோ கதைக்கவோ ஏலாத பிள்ளைகளை இந்த நாடுகள் எடுக்காதாம். சட்டம் அப்படி இருக்கும்போது நாங்கள் என்ன செய்ய? இப்போதைக்கு அவளை உன் அக்கா ராசமலரிடம் விட்டுவிட்டு வா. பிறகு பார்ப்போம். யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அன்புள்ள,
நேசராஜா


உடுவில்,
30.11.1985

அன்பின் அத்தானுக்கு,

நல்ல செய்தி என்று எழுதியிருந்தீர்கள். அது எது என்று கடிதத்தை மூன்று தரம் வாசித்துத் தேடினேன்.

அக்காவிடம் கேட்கவே வெட்கமாக இருந்தது. கேட்டேன். "ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கி இறக்க எனக்குப் பெலன் இல்லை, இன்பம்" என்று அழுதா. அவவைப் பிழை சொல்ல ஏலாது. எனக்கே இப்போது இடுப்பு விட்டுப்போகிறது. ஹெலிகொப்டர் வந்து சுடும்போது மற்ற இரண்டும் பங்கருக்குள் ஓடிவிடுகின்றன. ஓட ஏலாதவள் இவள் ஒருத்திதான். முதலில் காப்பாற்ற வேண்டியவளை முதலில் கழித்துவிடுகிற சட்டத்தை எந்தப் புண்ணியவான் எழுதினான்? செலவு என்று பார்க்கிறார்களா? இரண்டு பிடி சோறும் ஒரு தம்ளர் பாலும் போதும் அவளுக்கு. உங்கள் போட்டோவைக் காட்டினால் எச்சில் வழியச் சிரிக்கிறாள்.

அவர்கள் மறுத்து எழுதின கடிதத்தை அனுப்பி வையுங்கோ. டெனிஷ் என்றாலும் பரவாயில்லை. எங்கள் போதகர் யாரையாவது பிடித்து வாசிப்பித்துத் தருவார். நானே ஒரு மனு எழுதப்போகிறேன். பெண்சாதி எழுதினால் தாட்சண்யம் பார்ப்பார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. பாணோடு ஒரு முட்டையாவது பொரிக்கலாம்தானே.

உங்கள் அன்புள்ள,
இன்பமலர்


பிராண்டே,
5.1.1986

அன்பின் இன்பம்,

நீ கேட்ட கடிதம் என்னிடம் இல்லை. அப்படி ஒரு கடிதம் வரவேயில்லை.

இங்கே வந்த புதிதில் அகதி முகாமில் இருந்தபோது பிள்ளைகளின் பெயர்களை எழுதச் சொல்லிப் படிவம் தந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இரத்தினசிங்கம் என்று ஒரு பெடியன். அவனுடைய தமையன் குடும்பத்தைக் கனடா, ஒரு பிள்ளைக்கு மூளை வளர்ச்சி இல்லை என்ற காரணத்தால், முழுதாகவே மறுத்துவிட்டது. "அண்ணை, அந்தப் பிள்ளையை எழுதினால் ஒருத்தரும் வரேலாது. பேசாமல் ரெண்டு எண்டு போடுங்கோ" என்றான். போட்டுவிட்டேன்.

உன் கடிதம் கண்டபிறகு விசா அலுவலகத்துக்குப் போனேன். தெரிந்த ஒருவருக்காகக் கேட்கிறேன் என்றேன். அங்கிருந்த பெண், "இங்கே அதற்காக மறுப்பதில்லையே, அவர் ஏன் பிள்ளையை மறைத்தார்?" என்று கேட்டாள். அது என் பிள்ளைதான் என்று சொல்ல வாய் வரவில்லை, இன்பம். பொய் எழுதினவன் என்று தெரிந்தால் எல்லாருடைய விசாவும் போய்விடுமோ என்று பயந்தேன். நீங்கள் மூன்று பேரும் முதலில் வந்துவிடுங்கோ. பிறகு மெல்லச் சொல்லுவோம். மன்னித்துக்கொள்.

நேசராஜா


உடுவில்,
20.2.1986

அத்தானுக்கு,

உங்களை ஏசி நாலு பக்கம் எழுதினேன். எழுதிக் கிழித்துப்போட்டேன். எனக்கும் களைத்துப்போயிற்று.

கனடாக்காரர் அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டு மறுத்தார்கள். அதுவும் அநியாயம்தான். உங்களிடம் ஒருவரும் கேட்கவேயில்லை. நீங்களாகவே மறுத்துவிட்டீர்கள்.

போன கிழமை பள்ளிக்கூட மதிலில் ஷெல் விழுந்தது. மூத்த இரண்டையும் இனி இங்கே வைத்திருக்க ஏலாது. பக்கத்து வீட்டு விமலாதேவி அக்கா டென்மார்க்கில், கோல்டிங்கில் இருக்கிற தன் புருஷனிடம் மார்ச் இருபத்தெட்டாம் திகதி போகிறா. அவவோடு அனுப்புகிறேன். கொழும்பு வரைக்கும் என் தம்பி குணசேகரம் கூட்டிப்போவான். கமலாவுக்குக் குளிர் ஆகாது, காதைக் கட்டிவிடுங்கோ. றொபேர்ட் கோபம் வந்தால் சாப்பிடமாட்டான். கெஞ்சத் தேவையில்லை, பசித்தால் வருவான்.

என்னுடைய விசா எனக்கு வேண்டாம். நான் அருள்மலரோடு நிற்கிறேன்.

அவளுடைய பிறப்புப் பத்திரத்தை றொபேர்ட்டின் சட்டைக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். கோப்பன்ஹேகனில் இறங்கியதும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், நாங்கள் மூன்று பிள்ளைகள் என்று சொல்லி அதை அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கமலா அதை இங்கிலீசில் பாடமாக்கிவிட்டாள். அவர்கள் உங்களைக் கூப்பிட்டு, உண்மைதானா என்று கேட்பார்கள். இல்லை என்று மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.

இன்பமலர்