மேர்சியின் கஞ்சிக்கு மா போதாமல் போன மாதம்

பெப். 17, செவ்வாய்

உறைமழை. பஸ் இருபது நிமிடம் தாமதம். நான் சமைக்கும் குழந்தைகள் காப்பகத்தில், டேகெயாரில், இன்று பாஸ்தா, கரட், ஆப்பிள். ஐந்து பிள்ளைகள் வரவில்லை. மிச்சம் குப்பைக்கு, அதுதான் சட்டம். சமைப்பதும் நான், கொட்டுவதும் நான்.

மத்தியானம் சிவநேசன் அண்ணையின் போன். மலாவியில் ஒரு கிராமப் பள்ளியின் சின்ன வகுப்புகளுக்கு நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து கஞ்சி மா கொடுக்கிறோம். அவர் தலைவர், நான் செயலாளர். விறகு, தண்ணீர், சமையல் எல்லாம் அங்குள்ள தாய்மார் பொறுப்பு.

"பிள்ளை, இந்த மாசமும் மா கடைசிவரைக்கும் காணாதாம். ஆரோ வீட்டுக்குக் கொண்டு போகினம் போல. அங்க சமைக்கிறவைக்குக் கடுமையா ஒரு கடிதம் எழுதும்."

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்?

பெப். 18, புதன்

நேற்றிரவு கடிதம் தொடங்கி மூன்று தடவை அழித்தேன். கேட்காமல் ஒரு சமையல்காரியைக் கள்ளி என்று எழுதக் கை வரவில்லை. காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போகமுன், வாட்ஸ்அப்பில் மேர்சியை அழைத்தேன். அங்கே மத்தியானம் ஒன்று. அந்தச் சமையலறைக்கு அவள்தான் பொறுப்பு. அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு. விளங்கியது.

நேராகவே கேட்டேன். கோபிக்கவில்லை. காலையில் எடுத்த வீடியோ ஒன்று அனுப்பினாள். கஞ்சிக்கு வரிசை. பல பிள்ளைகளின் முதுகில் தம்பியோ தங்கையோ, துணியால் கட்டியபடி. பள்ளிப் பதிவில் இல்லாத குழந்தைகள். அவர்களுக்கும் கஞ்சி ஊற்றுவதால்தான் மா போதவில்லை. வீடுகளில் பழைய சோளம் தீர்ந்துவிட்டது. புதியது ஏப்ரலில்தான்.

"முதுகில் இருக்கிறது பார்த்துக்கொண்டிருக்க, மற்றது எப்படிச் சாப்பிடும்?" என்றாள்.

கேட்க மறந்தவை: உப்புப் போடுவதா? சீனியா? எவ்வளவு நேரம் காய்ச்சுவது?

பெப். 21, சனி

மைனஸ் 14. மில்லிக்கன் பக்கம் அண்ணை வீட்டு பேஸ்மென்டில் கூட்டம். ஆறு பேர். ரோல்ஸ், தேத்தண்ணி. கடிதம் எழுதவில்லை என்று சொல்லி வீடியோவைக் காட்டினேன். அண்ணை இரண்டு தரம் பார்த்தார்.

"பாவந்தான். ஆனா பதிவில இல்லாததுகளுக்குக் குடுத்தா, மாசக் கடைசியில பள்ளிக்கூடப் பிள்ளையள் பசியோட இருக்குதுகளே. அதுக்கு ஆர் பதில் சொல்றது?"

அவர் சொன்னதிலும் பிழையில்லை. 

"அண்ணை, நான் ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொட்டுறன். கையை நீட்டின பிள்ளைக்கு இல்லையெண்டு ஒருநாளும் சொன்னதில்லை. மேர்சியை அப்பிடிச் சொல்லச் சொல்லி என்னால எழுதேலாது. வேற ஆராவது எழுதுங்கோ."

 தேத்தண்ணி ஆறியது. கடைசியில் அண்ணைதான்: "சரி. அந்தச் சின்னதுகளையும் பதிவில போடச் சொல்லும். நாங்கள் மாவைக் கூட்டுவம்."

திரும்பும் பஸ்ஸில் அழுகை வந்தது. சப்பாத்துக்குள் ஈரம்.

பெப். 22, ஞாயிறு

மேர்சிக்கு எழுதி அனுப்பியாயிற்று. எலிவேட்டர் பழுது. உடுப்புக் கூடையோடு எட்டு மாடி. முழங்கால் நோ.

பெப். 27, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். மேர்சியின் பதில் வந்தது. குரல் பதிவு, பின்னால் கோழிச் சத்தம். தாய்மார் எல்லோரும் கூடிப் பேசினார்களாம். மார்ச் முடியும்வரை கூடுதல் மா வேண்டும். கிடைப்பது அவர்களுக்குச் சந்தோஷமாம். ஏப்ரலில் சோளம் முறித்ததும் வீட்டுக்கு ஒரு பேசின் நிறையச் சோளம், கொஞ்சம் நிலக்கடலை என்று தாங்களே போடுவார்கள். அந்த மாதங்களில் எங்கள் மா தங்களுக்கு வேண்டாம். பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் கஞ்சியே இல்லை, அதை அங்கே கொடுக்கச் சொன்னாள். அடுப்பு வைத்துக் காய்ச்சிப் பழக்கத் தாங்கள் நடந்து போவார்களாம்.

மூன்று தரம் கேட்டேன். பிறகு அண்ணைக்குப் போன் எடுத்துப் போட்டுக் காட்டினேன்.  

"நான் உந்தச் சனத்தைக் கள்ளர் எண்டு நினைச்சனே, பிள்ளை."



பிறகு அவரே: "அந்தப் பக்கத்துக் கிராமத்துக்கு என்ன பேராம்? கேட்டுச் சொல்லும்."